வாய்வழியே போவதும் போகாததும்

கீமோதெரபியின் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, என் கைப்பேசி என் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தேன், வேறு விரலை வைத்துப் பார்த்தேன், பலனில்லை. சன்னலருகே சென்று வெளிச்சத்தில் கையைப் பிடித்தபோதுதான், விரல் நுனிகளில் ரேகைகள் மழுங்கிப்போயிருப்பதும், உள்ளங்கை முழுவதும் கொதிநீர் பட்டதுபோல் சிவந்து மடிப்புகளில் தோல் மெல்லிய தாளாக உரியத் தொடங்கியிருப்பதும் தெரிந்தது. அன்று மாலைக்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றியபோது சில நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருந்ததால், மூன்றாம் நிலை என்று முடிவுசெய்து எனக்கு 8 சுற்றுக் கீமோ திட்டமிட்டிருந்தார்கள். 21 நாட்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றின் முதல் நாளிலும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ட்ரிப்பில் ஏறும். அதிலிருந்து 14 நாட்களுக்குக் காலையும் இரவும், சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் கேபசிட்டபின் மாத்திரைகளை விழுங்க வேண்டும். மீதி 7 நாட்கள் ஓய்வு. கையும் காலும் சிவந்து உரிவது கேபசிட்டபினின் பெயர்பெற்ற பக்கவிளைவு என்பதும், அதை ஹேண்ட் ஃபுட் சிண்ட்ரோம் என்று அழைப்பார்கள் என்பதும் எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தவைதான். ஆனால் இரண்டு சுற்றுகளை ஓரளவு நன்றாகக் கடந்த ஒருவருக்கு மூன்றாவதில் இவ்வளவு வேகமாக வந்தது மருத்துவமனையில் இருந்த மருந்தாளுநருக்கு உறுத்தியிருக்க வேண்டும். எதிரே அமர்ந்து நிதானமாகக் கேட்டார்.

“நாங்க கொடுத்த மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க? டானிக், பொடி, கேப்சூல், எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

“ஒன்றுமில்லை” என்றேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த அக்காதான், “அந்த வைட்டமினைச் சொல்லலையே நீ?” என்று கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் இளைத்துப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் வாங்கித் தந்த மல்டிவைட்டமின் அது. இரண்டாவது சுற்றின் நடுவிலிருந்து தினமும் சாப்பிட்டுவந்தேன். மருந்தாளுநர் லேபிளைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். ஃபோலிக் அமிலம் என்று இருந்தது.

அன்று அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். கேபசிட்டபின் உடலுக்குள் போய் ஃப்ளூரோயுராசில் என்ற பழைய, வீரியமான மருந்தாக மாறுகிறது. புற்றுச் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவைப்படும் ஒரு நொதியை இந்த மருந்து முடக்கிவிடும். ஃபோலிக் அமிலம் போன்ற ஃபோலேட் வகைச் சத்து உடலில் மிகுதியாக இருந்தால், மருந்து அந்த நொதியை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். வேறொரு சிகிச்சை முறையில் இதே காரணத்துக்காக லியூகோவோரின் என்ற ஃபோலேட் மருந்தை ஃப்ளூரோயுராசிலோடு வேண்டுமென்றே சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதற்கேற்ப அளவையும் கணக்கிட்டு. எனக்கு அளந்து தந்திருந்ததோ அந்தச் சேர்க்கை இல்லாத கணக்கு. ஆக, சத்துக்கு என்று நான் விழுங்கியது, யாருக்கும் தெரியாமல் கீமோவின் அளவை ஏற்றிக்கொண்டதற்கு ஒப்பாகியிருந்தது. கேபசிட்டபின் தனியாகவே இதையெல்லாம் செய்யக்கூடியது என்பதால் முழுப் பழியையும் அந்தப் புட்டியின்மேல் போட அவரும் முன்வரவில்லை. வைட்டமினை நிறுத்தினார்கள், கேபசிட்டபினையும் அந்தச் சுற்றில் பாதியில் நிறுத்தினார்கள், யூரியா கலந்த களிம்பு ஒன்றைத் தந்தார்கள். (2015-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், 10 சதவீத யூரியா கொண்ட சாதாரணக் களிம்பையும் ஆக்ஸிஜன் சார்ந்த சிதைவைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த ஒரு களிம்பையும் ஒப்பிட்டார்கள். யூரியா பூசியவர்களில் 22.4 சதவீதத்தினருக்கும், மற்றதைப் பூசியவர்களில் 39.5 சதவீதத்தினருக்கும் இந்தத் தோல் பாதிப்பு வந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லின்மேல் எனக்கிருந்த மரியாதை அதைப் படித்த அன்றுதான் முதலில் ஆட்டம் கண்டது.)

அந்த நாளுக்குப் பிறகு, கீமோவோடு நான் சேர்த்துக்கொள்ள விரும்பிய எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் வாய்வழியே உள்ளே போகிறவை, வலப்பக்கம் போகாதவை. இது மருத்துவப் பாகுபாடு இல்லை, என் வசதிக்கு நானே போட்டுக்கொண்டது. இடப்பக்கத்தில் இருப்பது எதுவாயினும், அது இலையோ வேரோ விதையோ வைட்டமினோ, மருந்தாளுநர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வாயில் வைப்பதில்லை என்பது விதி. வலப்பக்கத்தில் நடை, மூச்சுப் பயிற்சி, யோகா, அக்குபஞ்சர் போன்றவை இருந்தன. அவற்றில் எனக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு, தகவல் மட்டும் தெரிவித்தால் போதும்.

இயற்கையானதா செயற்கையானதா என்று பிரிப்பதைவிட இந்தக் கோடு ஏன் மேலானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாய்வழியே போகும் எதுவும் கடைசியில் கல்லீரலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். கீமோ மருந்துகள் பலவற்றையும் அங்கேதான் உடைக்கிறார்கள், மன்னிக்கவும், உடைக்கிறது உடல். செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகையை மனச்சோர்வுக்காகப் பலர் சாப்பிடுகிறார்கள். அது கல்லீரலின் ஒரு முக்கிய நொதியைத் தூண்டிவிடுகிறது. அதை இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த, 2002-இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் இருந்த வீரியமான மருந்துப் பொருளின் அளவு 42 சதவீதம் குறைந்திருந்தது. கிரேப்ஃப்ரூட் என்ற பழம் இதற்கு நேர்மாறாக அதே நொதியை அடக்கி, சில மருந்துகளின் அளவை ஏற்றிவிடும். பச்சைத் தேநீரில் உள்ள ஒரு வேதிப்பொருள் போர்ட்டெசொமிப் என்ற புற்றுநோய் மருந்தை நேரடியாகப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குவதை 2009-இல் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மூலிகைக்கு வீரியம் உண்டு என்று நம்புகிறவர்கள்தாம் இதையெல்லாம் முதலில் கவனிக்க வேண்டும். வீரியம் உள்ள பொருள் என்றால் அது மருந்து. மருந்து என்றால் இன்னொரு மருந்தோடு மோதும்.

எனக்கு நடந்தது கூட்டும் வகை மோதல். கை உரிந்தது, வயிறு கலங்கியது, கண்டுபிடித்தார்கள். குறைக்கும் வகை மோதல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கீமோவின் வேகம் பாதியாகிவிட்டால் நோயாளிக்கு வாந்தி குறையும், பசி எடுக்கும், முகம் தெளியும். “இந்தப் பொடியைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து கீமோ ஒன்றும் செய்யவில்லை” என்று நாலு பேரிடம் சொல்லவும் தோன்றும். சிகிச்சைக் காத்திருப்பறையில் இப்படிப்பட்ட பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருவது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2005-இல் வெளியான முடிவின்படி, சத்து மாத்திரை பெற்றவர்களுக்குக் கதிர்வீச்சின் உடனடிப் பக்கவிளைவுகள் குறைவாகவே இருந்தன. அதோடு, கட்டி அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும் போக்கும் அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது. கதிர்வீச்சு செல்லை அழிப்பதே ஆக்ஸிஜன் சார்ந்த சிதைவால்தான். அதைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால், நல்ல செல் எது, புற்றுச் செல் எது என்று அது ஆள் பார்த்துத் தடுப்பதில்லை.

சொற்களில் உள்ள குழப்பமும் இதற்கு ஒரு காரணம். துணைச் சிகிச்சை என்பது அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றோடு கூடவே செய்வது. மாற்றுச் சிகிச்சை என்பது அவற்றுக்குப் பதிலாகச் செய்வது. இவற்றுள் ஆதாரமுள்ள துணைச் சிகிச்சைகளை ஒரே குழுவின் கண்காணிப்பில் இணைத்துத் தருவதை ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவம் என்கிறார்கள். நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 1999 முதலே இதற்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அவர்களின் மரண வாய்ப்பு ஒட்டுமொத்தமாக இரண்டரை மடங்காக இருந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் அது நாலரை மடங்கைத் தாண்டியது. என் நோயின் பெயர் அந்த வரியில் இருந்ததால் அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

அதே ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட இரண்டாவது ஆய்வு இன்னும் நுட்பமானது. இதில் இருந்த 258 பேரும் வழக்கமான சிகிச்சையில் ஏதேனும் ஒன்றையாவது பெற்றவர்கள், கூடவே துணைச் சிகிச்சையும் செய்துகொண்டவர்கள். இவர்களுடைய மரண வாய்ப்பும் மற்றவர்களைவிட இருமடங்காக இருந்தது. ஏன் என்று துழாவினால், இவர்களில் 34.1 சதவீதத்தினர் கீமோவை மறுத்திருந்தார்கள். துணைச் சிகிச்சை நாடாதவர்களில் அப்படி மறுத்தவர்கள் 3.2 சதவீதத்தினர்தாம். மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. துணையாக வந்தது மெல்ல மெல்ல வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும் கதைதான் இது. சேர்த்துச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, ஒன்றைக் கூட்ட இன்னொன்றைக் கழித்திருக்கிறார்கள். கையுரிந்த வாரத்தில், மீதிக் கீமோவை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாமே என்று எனக்கும் ஓர் இரவு தோன்றியது என்பதால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி வலப்பக்கம். அதில் முதலில் இருந்தது நடை, கடைசிவரை நிலைத்ததும் அதுவே.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய முதல் ஐந்தாறு நாட்கள் குளிர்ச்சி எதுவும் ஆகாது. குளிர்ந்த உலோகக் கைப்பிடியைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் விரல்கள் சுண்டும். குளிர்ந்த நீர் ஒரு மிடறு போனால் தொண்டையில் முள் சிக்கியதுபோல் மூச்சே திகைக்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றில் நடப்பது இயலாது என்பதால் வீட்டுக்குள்ளேயே, ஓர் அறைச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, கையில் துணி சுற்றிக்கொண்டு நடப்பேன். முதல் நாள் பத்து நிமிடம்கூட முடியவில்லை. கீமோவின் களைப்பு உழைத்துக் களைத்தவரின் களைப்பு போன்றதில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பின்னும் அது கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டவரிடம் போய் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் படுத்தே கிடந்தால் தசை கரையும், தசை கரைந்தால் களைப்பு பெருகும், களைப்பு பெருகினால் இன்னும் படுப்போம். அந்தச் சுழலை எங்கேயாவது வெட்ட வேண்டும். ஆஸ்கோ என்று அழைக்கப்படும் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெறுகிறவர்களுக்குச் சிகிச்சை நடக்கும்போதே நடை போன்ற பயிற்சியையும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. நான் மூன்றாவது வாரத்தில் 25 நிமிடத்தை எட்டினேன். அடுத்த ட்ரிப் ஏறியதும் மறுபடி பத்துக்கு இறங்கினேன். எட்டுச் சுற்றும் இப்படித்தான் ஏணியும் பாம்புமாகப் போயிற்று.

சிகிச்சை முடிந்த பிறகும் நான் நடையை விடாததற்குக் காரணம் 2025 ஜூனில் வெளியான சேலஞ்ச் என்ற ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு உடல்நலக் கையேடு மட்டும். மற்றவர்களுக்குப் பயிற்சியாளரின் துணையோடு மூன்று ஆண்டுகள் உடற்பயிற்சித் திட்டம். வாரம் மூன்று நான்கு நாட்கள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய எட்டிவிடக்கூடிய கூடுதல் உழைப்புதான் அதன் இலக்கு. ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 73.9 சதவீதம். எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் 90.3-உம் 83.2-உம். பயிற்சி செய்தவர்களுக்குத் தசை, மூட்டுத் தொல்லைகள் சற்றுக் கூடுதலாக வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புற்றுநோயில் சில புதிய மருந்துகள் தரும் பலனுக்கு இணையான எண்கள் இவை என்பதால் நான் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த 889 பேரும் கீமோவை முடித்தவர்கள். நடை அதன்மேல் கட்டிய மாடி.

அக்குபஞ்சரை நான் குமட்டலுக்காகச் செய்துகொண்டேன். மணிக்கட்டின் உட்புறம், மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் முழங்கையை நோக்கித் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஊசி இறங்கும். வலி இல்லை, ஒரு கனமான இழுப்பு மட்டும் தெரியும். கீமோவால் வரும் குமட்டலுக்கு இது உதவுகிறது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1997-லேயே கூறியிருக்கிறது. என்னளவில், மருத்துவர் தந்த குமட்டல் மாத்திரைதான் பெரும்பகுதி வேலையைச் செய்தது, ஊசி மிச்சத்தை மட்டுப்படுத்தியது என்றே நினைக்கிறேன். ஊசி போட்டவரை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் ஒவ்வொரு முறையும் முதலில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டதுதான். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்த ஒரு வாரம், “இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று திருப்பி அனுப்பினார். வலப்பக்கத்துக்கும் காவல் தேவை என்று புரிந்தது அப்போதுதான். எலும்பில் நோய் பரவியவர்கள் முதுகை முறுக்கும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருப்பவர்கள் அழுத்தித் தேய்க்கும் மசாஜுக்குப் போகக் கூடாது.

மனத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூச்சைக் கவனித்து அமரும் பயிற்சி ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் தந்தது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இத்தகைய பயிற்சிகளை 2023-இல் ஆஸ்கோவும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து பரிந்துரைத்திருக்கின்றன. ஆனால் “மனசைத் தைரியமா வச்சுக்கிட்டா நோய் ஓடிடும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு ஆதரவுக் குழு ஆயுளை நீட்டுகிறது என்று 1989-இல் வந்த சிறிய ஆய்வு பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. 235 பெண்களை வைத்து மறுபடி செய்து பார்த்த 2001 ஆய்வில் மனவேதனையும் வலியும் குறைந்தன, ஆயுள் நீளவில்லை. வேதனை குறைவதே பெரிய காரியம். நோய் திரும்பினால் அழுததுதான் காரணம் என்று யாரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதும் எனக்கு ஓர் ஆறுதல்.

உணவில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று கேள்விப்பட்டு, முதல் சுற்றில் மாவுச்சத்தையெல்லாம் குறைத்து மூன்று கிலோ இளைத்தேன். (அக்கா அந்தப் புட்டியை வாங்கியதற்குக் காரணமே இதுதான், ஒரு தவறு இன்னொன்றைக் கைபிடித்து அழைத்துவந்தது.) புற்றுச் செல் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது மெய், புற்றுநோயைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதனால்தான். ஆனால் தட்டில் குறைத்தால் உடல் தன் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துகொள்ளும். உணவியல் நிபுணர் எனக்குத் தந்த கணக்கு நேர்மாறானது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. அந்தக் கணக்குக்கு வந்த பிறகு எடை நின்றது.

சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியும் கால்விரல்களில் மரமரப்பு போகவில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் விட்டுச்சென்ற அடையாளம் அது. காலணி கழன்று விழுந்தாலும் சில நேரம் தெரிவதில்லை. போன வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்து, நரம்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன ஒரு கேப்சூலின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அசிட்டைல் எல் கார்னிடின். வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். “வாங்கலை. முதல்ல உன் நோட்டுல எழுது, அவரைக் கேட்டுட்டுச் சொல்லு” என்றாள். இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். மருந்தாளுநர் தலையை அசைத்தார். மார்பகப் புற்றுநோய்க் கீமோவில் மரமரப்பு வராமல் தடுக்க இதையே 409 பெண்களை வைத்துச் சோதித்தார்கள், 2013-இல் முடிவு வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு மரமரப்பு கூடிவிட்டது என்று சொல்லி, அந்த வரியின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு நோட்டைத் திருப்பி வலப்பக்கத்தைப் பார்த்து, காலணியின் பின்புறம் வார் வைத்துக்கொண்டு நடக்கும்படி அங்கே எழுதித் தந்தார்.